கை படாத சீட்டு

என் நைனாவின் வலது கை போனதற்குக் காரணம் ராஜேந்திரன் என்று ஊர் சொல்லும். என் அண்ணன் தெய்வசிகாமணியைக் கேட்டால் தான்தான் காரணம் என்பான். அவனைக் கேட்டால் உலகத்தில் நடக்கிற எல்லாத் தப்புக்கும் அவன்தான் பொறுப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பழவேற்காட்டு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எங்கள் குப்பம். ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். வலைக்காரர்கள் முப்பத்துநாலு பேர். யார் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்று ஐப்பசியில் சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். முதல் பெயருக்கு மழைத்தண்ணீரோடு இறங்குகிற இறால் அத்தனையும். கடைசிப் பெயருக்குச் சேறு. எண்பத்தைந்தில் யாரோ சீட்டின் முனையை மடித்துவிட்டார்கள் என்று சண்டை வந்து ஒருவர் மண்டையில் பதினேழு தையல் போட்டார்கள்.

அண்ணன் அப்போது கிண்டியில் கம்ப்யூட்டர் செய்கிற ஒரு கம்பெனியில் இருந்தான். வெளிநாட்டிலிருந்து நாடாவில் வந்த சோர்ஸ் நிரலை வரிவரியாகப் படித்து, தங்கள் மெஷினுக்கு ஏற்றபடி திருத்திக் கம்பைல் செய்வது, அதாவது மெஷினுக்குப் புரிகிற எண்களாக மாற்றுவது, அவன் வேலை. முதலில் கெர்னல், மெஷினையே எழுப்பி ஓட்டுகிற அடிப்படை நிரல். அது எழுந்து நின்ற பிறகு, கோப்பைக் காட்ட ஒன்று, நகலெடுக்க ஒன்று, அச்சடிக்க ஒன்று என்று நூற்றுச்சொச்சம் சின்ன நிரல்கள். ஒரு நாள் முழுக்கக் கம்பைல் ஆகும், போட்டுப் பார்த்தால் திரையில் ‘பேனிக்’ என்று விழுந்து செத்துப்போகும். பதினாலு மாதம் அதோடு மல்லுக்கட்டினான். யாரையும் கைநீட்டி அடிக்காதவன், அந்த மெஷினை மட்டும் ஒருமுறை உதைத்து விரல் வீங்கி வந்து நின்றான்.

“இதெல்லாம் ரெடிமேடா விக்க மாட்டானாடா?” என்று கேட்டாள் அம்மா.

“வாங்கின வலைல எங்க முடிச்சு லூசா கீதுனு உனக்குத் தெரியுமாம்மா? நாமளே பின்னாதான் தெரியும்.”

அந்த மெஷினிலேயே பாடு போட்டுத் தரச்சொல்லி ஊர் கேட்டது. அதற்குக் கண் இல்லை, சொந்தக்காரன் இல்லை என்பதுதான் காரணம். அண்ணன் ஒருபடி மேலே போனான். சுவிட்சைப் போட்டதும் கெர்னல் எழுந்து, தானாகவே பெயர்களைக் குலுக்கி அச்சடிக்கும்படி வைத்தான். ஒரு விசையைக்கூட யாரும் தொட வேண்டாம். எண்பத்தாறில் ஊர்த்தலைவர் அர்ஜுனனே போய்ப் பார்த்துவிட்டு, “மனுசன் கை படாத சீட்டுப்பா” என்று பெருமையாகச் சொன்னார். முதல் பெயர் எங்கள் நைனா தருமலிங்கம். கடைசிப் பெயர் ராஜேந்திரன். அம்மாவின் அண்ணன் மகன்தான் அவன். மெஷின் போட்டது என்று வருஷம் முழுக்கச் சேற்றை அள்ளினான்.

அடுத்த வருஷம் நம்பிக்கை வந்துவிட்டதால் யாரும் கூடப் போகவில்லை. அண்ணன் தனியாகப் போய் சுவிட்சைப் போட்டான். வந்த தாளை ஊர் பார்க்கும் முன்னால் தான் பார்க்கக்கூடாது என்று, மடித்துக் கவரில் ஒட்டி எடுத்துவந்தான். பெரிய யோக்கியன்! அர்ஜுனன் கோயில் வாசலில் கவரைக் கிழித்துப் படித்தார். முதலில் தருமலிங்கம். கடைசியில் ராஜேந்திரன். நடுவில் இருந்த முப்பத்திரண்டு பேரும்கூடப் போன வருஷ வரிசையிலேயே வந்தார்கள்.

“இன்னாடா இது, போன வருச பேப்பரையே எடுத்தாந்துட்டியா?” என்றான் ராஜேந்திரன். அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்ததை எல்லாரும் பார்த்தார்கள், அதுதான் வினையாகிப்போனது.

முதல் அடி அண்ணன் வாயில் விழுந்தது. இரண்டு பல் மணலில் தெறித்தது. அதற்குப்பின் யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. எங்கள் வலையை இழுத்துப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அம்மா ஒருவன் தோளைக் கடித்து ரத்தம் வரவைத்தாள். நான் செங்கல்லை எடுத்து ராஜேந்திரன்மேல் எறிந்தேன்; அது வேறு யார் முதுகிலோ விழுந்தது. ராஜேந்திரன் வலை கட்டுகிற சவுக்குக் கழியைப் பிடுங்கி அண்ணன் தலைக்கு ஓங்கினான். நைனா குறுக்கே பாய்ந்து வலது கையை நீட்டினார். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவன் நிறுத்தவில்லை, விழுந்த கையின் மேலேயே இன்னும் மூன்று தடவை போட்டான்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஊர்க்கூட்டம் அப்போதும் விடவில்லை. எட்டு நாளில் பதில் சொல்ல வேண்டும். திருட்டு என்று தீர்ந்தால் குடும்பமே குப்பத்தைவிட்டுப் போகவேண்டும் என்றார்கள்.

உதடு வீங்கிய முகத்தோடு அண்ணன் ஆபீஸுக்குப் போய்த் தான் கட்டிய நிரலையே திரும்பப் படித்தான். ஆறாம் நாள் கண்டுபிடித்தான். கடிகாரத்தைப் படிக்கிற பகுதி ஆரம்பத்தில் கம்பைல் ஆகாமல் அடம்பிடித்திருக்கிறது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதை ஒதுக்கிவைத்தவன் இவனேதான். அதனால் எப்போது சுவிட்சைப் போட்டாலும் அந்த மெஷினுக்கு எழுபதாம் வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதிதான். ஆபீஸில் பிறகு தேதியைக் கையால் அடித்துக்கொள்வார்கள். சீட்டு நிரலோ அதற்கு முன்பே ஓடி, குலுக்கலுக்கான முதல் எண்ணை அந்தப் பொய் நேரத்திலிருந்து எடுத்துவிடும். முதல் எண் ஒன்றென்றால் வரிசையும் ஒன்றுதான். யாராவது ஒரு விசையைத் தட்டி ஓட்டியிருந்தால் ஒரு வினாடி முன்னே பின்னே போய் வரிசையே மாறியிருக்கும். கை படக்கூடாது என்று தானாக ஓடவைத்ததால் இரண்டு வருஷமும் அதே வினாடி, அதே வரிசை.

சரிசெய்ய ஒரு நாள் போதும். அவன் தொடவில்லை; தொட்டால் சாட்சி போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை அர்ஜுனனையும் ராஜேந்திரனையும் கிண்டிக்குக் கூட்டிப்போனான். நானும் போனேன். “நீயே போடு மச்சான்” என்று அண்ணன் சுவரோரம் தள்ளி நின்றான். ராஜேந்திரன் சுவிட்சைப் போட்டான். தாள் வந்தது. முதலில் தருமலிங்கம், கடைசியில் ராஜேந்திரன். நிறுத்தி மறுபடி போட்டான், அதே வரிசை. ஐந்து தடவை போட்டான். ஐந்து தாளையும் தரையில் வரிசையாக வைத்து விரலால் தடவிப் படித்தான்.

“அப்போ நீ ஒண்ணும் பண்ணலியா?” என்றான்.

“பண்ணேன். தப்பு பண்ணேன். திருடல.”

நாங்கள் குப்பத்தில் இருக்கலாம் என்று ஊர் சொன்னது. மறுநாள் காலையில் ராஜேந்திரன் எங்கள் வீட்டு வாசலுக்கு அதே சவுக்குக் கழியோடு வந்தான். அதை நைனாவிடம் நீட்டி, மணலில் மண்டியிட்டு வலது கையை ஒரு கல்மேல் வைத்தான்.

“அடி மாமா.”

நைனா இடது கையால் வாங்கி ஓங்கினார். அடிக்கத்தான் ஓங்கினார், மன்னிக்கிற முகமில்லை அது. ஒற்றைக் கைக்குக் கழி அடங்கவில்லை, பாதியில் நழுவி விழுந்தது. ராஜேந்திரன் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையைத் திரும்பக் கல்மேல் வைத்தான். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் தடவையும் விழுந்தது. எனக்கு அழுகை முட்டியது, ராஜேந்திரனுக்காக இல்லை.

“போதும் நைனா” என்றான் அண்ணன்.

“நீ சும்மா இரு. இவன அஞ்சு வாட்டி சுவிட்சப் போட்டுப் பாக்க விட்ட இல்ல? நானும் பாக்கறேன்.”

ராஜேந்திரன் குனிந்து கழியை எடுத்துக் கொடுத்தான்.