கறார் ஒழுங்குபடுத்திய வீடுகள்

அவனைத் தெருவில் எல்லாரும் கறார் என்றுதான் கூப்பிட்டார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டவன் அவன் ஒருவன்தான். வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் குனிந்து நேராக வைப்பான். அடுத்த வீட்டுச் செருப்பாக இருந்தாலும் வைப்பான். வைத்துவிட்டு, அந்த வீட்டுக்காரர்களைப் புழுவைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான்.

அவனுடைய அக்கா தையற்கடை வைத்திருந்தாள். தம்பியின் இந்த அலட்டல் அவளுக்குச் சின்ன வயதிலேயே அலுத்துப்போன சமாச்சாரம். படிப்பு சுமார், விளையாட்டு சூன்யம், சிநேகிதன் என்று ஒருத்தனும் கிடையாது. கைக்குட்டையை மட்டும் கத்தி வைத்து வெட்டியதுபோல மடிப்பான். அதற்கே அம்மா அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள்.

கல்யாணம் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. மனைவி கழுவி வைத்த தட்டுகளை அவள் கண்ணெதிரிலேயே எடுத்து மறுபடி கழுவுவான். கிளம்பிய அன்று அந்தப் பெண் அக்காவிடம் சொன்னாள்: "அண்ணி, புருஷனோட குடும்பம் நடத்தலாம். மேலதிகாரியோட நடத்த முடியாது." அக்கா அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். தன் வீட்டு மாடி அறையைத் தம்பிக்கு ஒழித்துக் கொடுத்தாள். கூடப் பிறந்துவிட்டான், வேறென்ன செய்வது!

குடிதண்ணீர் ஃபில்டர் மாட்டும் கம்பெனியில் அவன் மெக்கானிக். வீடு வீடாகப் போய்ப் பழுது பார்க்க வேண்டும். தனியாக இருக்கும் வயதான பெண்களுக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. வாசலிலேயே ஷூவைக் கழற்றுவான், சிந்திய தண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் போவான். "உன் தம்பி மாதிரி ஒரு பிள்ளை எனக்கு இருந்திருக்கக் கூடாதா?" என்று அக்காவிடம் ஒரு பாட்டு டீச்சர் கேட்டார். ஓய்வு பெற்றவர், அக்காவின் பழைய வாடிக்கையாளர். "ரெண்டு நாள் கூட வச்சிருந்து பாருங்க டீச்சர், அப்புறம் சொல்லுவீங்க" என்றாள் அக்கா. டீச்சர் கடையே அதிரச் சிரித்தார். அவர் சிரித்தால் அப்படித்தான், ஊசியில் நூல் கோக்க முடியாது.

அந்த டீச்சர் திடீரென்று இறந்துபோனார். ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்ததால் டாக்டரும் அதையே காரணமாக எழுதிவிட்டார். வெளியூர்ச் சொந்தங்கள் வரட்டும் என்று அடக்கத்தை இரண்டு நாள் தள்ளி, உடலை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். துக்கம் கேட்க அக்கா வீட்டுக்குப் போனாள். போன இடத்தில் வீட்டைப் பார்த்து அசந்துபோனாள். எந்நேரமும் பாட்டுப் புத்தகங்களும் காலிக் கப்புகளும் இறைந்து கிடக்கும் கூடம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. டீச்சரின் மகள் அழுதுகொண்டே சொன்னாள்: "அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு போல. வீட்டையெல்லாம் ஒழுங்கு பண்ணிட்டுப் போயிருக்காங்க."

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனாள் அக்கா. கப்புகளின் காதெல்லாம் ஒரே பக்கம் பார்த்தன. குழாயின் கழுத்தில் துடைக்கும் துணி முக்கோணமாக மடித்துப் போடப்பட்டிருந்தது. அப்படி மடிக்கிற ஆள் ஒருத்தன்தான். அவள் வீட்டுக் குழாயிலும் தினமும் அந்த முக்கோணம் தொங்குகிறது. ஃபில்டரைப் பார்க்க வந்தபோது துடைத்திருப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் கிளம்பும்போது அந்த முக்கோணத்தை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தாள்.

அன்று மாலை அவன் சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

"டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தேன்டா. நீ சமீபத்துல அங்க போனியா?"

"இல்லையே. போய் மாசக்கணக்காச்சு."

"வீடு அவ்வளவு சுத்தமா இருக்கு. டீச்சரே சாகறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்காங்களாம்."

அவன் மூக்கைச் சுளித்தான். கைச் சோறு தட்டுக்கே திரும்பியது.

"அந்தம்மாவா? ஒரு கப்பை நேரா மாட்டத் தெரியாது அவங்களுக்கு. அலமாரிக்கு அடியில எவ்வளவு குப்பைங்கிறே! பெருக்கி முடிக்கறதுக்குள்ள முதுகு ஒடிஞ்சுபோச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அக்கா முகத்தை மாற்றிக்கொள்ளாமல் குழம்பு ஊற்றினாள். கொஞ்சம் தட்டுக்கு வெளியே சிந்தியது. அவன் சட்டென்று துணியை எடுத்து அதைத் துடைத்தான். அந்த நேரத்திலும் அவனுக்குத் துடைக்கத் தோன்றியது.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் காவல் நிலையத்துக்கு ஓடினாள். வாசலில் இருந்த காவலர் சிரித்தார். "துணி மடிச்சதுக்கெல்லாம் கேஸ் போட முடியாதும்மா." உள்ளே இருந்த பெண் இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, டீச்சரை அடக்கம் செய்வதை நிறுத்தி உடலைப் பரிசோதனைக்கு அனுப்பினார். மூச்சுக்குழாயில் தலையணைப் பஞ்சு இருந்தது.

அவனைக் கொண்டுவந்து உட்கார வைத்ததும் கேட்காததையெல்லாம் கொட்டினான். பூனைகள் வளர்த்த விதவை, ஓய்வு பெற்ற நர்ஸ், பழைய பத்திரிகைகளைத் தூக்கியெறிய மனம் வராத, இறந்துபோன தபால்காரர் ஒருவரின் மனைவி. டீச்சருக்கு முன்னால் இவர்கள் எல்லாரும். பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறார்களா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று ஃபில்டரைக் கழற்றிக்கொண்டே பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொள்வான். சந்தேகம் வராத ஆளாகப் பார்த்து, மதியத் தூக்கத்தில் முகத்தில் தலையணையை அழுத்துவான். பிறகு வீட்டைக் கூட்டிப் பெருக்கி, கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த வேலைக்குப் போவான். மாலையில் வீட்டுக்கு வந்து அக்கா போட்ட சோற்றைத் தின்றிருக்கிறான்.

எதற்காக என்று கேட்டார்கள். "வாழத் தெரியாதவங்க, மேடம். வீட்டைக் குப்பையா வச்சிருந்தாங்க" என்றான். அதற்குமேல் ஏதாவது இருக்கும் என்று இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். மண்ணாங்கட்டி, ஒன்றும் இல்லை. தன் திட்டத்தை ஆதியோடந்தமாக விவரிக்க அவன் முதுகை நிமிர்த்தியபோது, அவர் பிஸ்கெட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே, "அதெல்லாம் ரைட்டர்கிட்ட சொல்லு" என்று எழுந்து போய்விட்டார். பாவம், அவன் முகம் தொங்கிப்போனது. வாக்குமூலத்தில் இரண்டு எழுத்துப்பிழை என்று ரைட்டரிடம் சண்டை பிடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான்.

சாகும்வரை சிறை என்று தீர்ப்பு வந்தது. அக்கா ஒருமுறைகூட அவனைப் பார்க்கப் போகவில்லை. தனக்கென்று தனி சோப்பு வேண்டும் என்று வக்கீலிடம் சொல்லி அனுப்பினான். "எல்லாருக்கும் குடுக்கறதுல குளிக்கச் சொல்லுங்க" என்று அவரைத் திருப்பி அனுப்பினாள். சிறைச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலையாம். ஒரே அண்டாவை அவன் விடாமல் தேய்ப்பதைப் பார்த்துச் சமையல் செய்யும் கைதி, "போதும், நகருடா" என்று தினமும் விரட்டுகிறானாம்.

ஒருநாள் பத்திரிகைக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். "உங்க தம்பி மனசுக்குள்ள என்னதான் இருந்துச்சு? ஜனங்க தெரிஞ்சுக்க ஆசைப்படறாங்க" என்றார்.

"உள்ளே ஒண்ணும் இல்லைங்க. இருந்தா எனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா. "டீச்சரைப் பத்திக் கேளுங்க, சொல்றேன். அந்த நர்ஸம்மாவைப் பத்தி அவங்க பிள்ளைங்ககிட்ட கேளுங்க."

அவர் பேனாவை மூடினார். அக்கா தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.