நாலாவது அவுட்

ஸ்கோர்த் தாளை மூடியிருக்கும் கலண்டர் மட்டையை அகஸ்ரின் அண்ணை ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்த்துகிறார். மறைந்திருந்த ஓர் இன்னிங்ஸ் வெளியே வருகிறது. உதட்டைக் குவித்துக்கொண்டு பென்சில் குறிகளை மேலிருந்து கீழே வாசிக்கிறார். ஒருவன் அடித்துவிட்டு முதலாம் பேஸுக்கு ஓடுகிறான். அடுத்தவன் பிடி கொடுக்கிறான். மூன்றாமவனின் கட்டத்தில் ஒரு குட்டிச் சிலுவை. “உவன் துலைஞ்சான்,” என்கிறார். இந்த ஆட்டம் நடந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஆடியவர்களில் பாதிப் பேர் இப்போது பேரப்பிள்ளை கண்டிருப்பார்கள். அண்ணையின் முகத்தில் மட்டும் முடிவு தெரியாதவனின் பதற்றம்.

புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மல்வேர்னில், அவருடைய ரவுன்ஹவுஸ் வரிசை வீட்டுக் குசினி மேசையில், எங்கள் தேத்தண்ணிக் கோப்பைகளையும் சீனிப் போத்தலையும் தவிர வேறு எதையும் வைக்க இடமில்லை. ஸிப் பூட்டு வைத்த, அரிசி தீர்ந்த பாஸ்மதிப் பைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மற்ற வீடுகளில் அந்தப் பைகளுக்குள் சின்னதாகிப் போன சட்டைகள் கிடக்கும். இங்கே பேஸ்போல் கிடக்கிறது. ஓர் ஆட்டத்துக்கு ஒரு தாள். இடப்பக்கம் ஆட்டக்காரர் பெயர்கள், குறுக்கே ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் ஒருவனுடைய விதி.

அந்தப் பென்சில் அண்ணையுடையது அல்ல, மனைவி கிளடிஸ் அக்காவுடையது. அண்ணைக்குக் கார்ப் பாகங்கள் செய்யும் ஃபக்டரியில் பின்னேர ஷிஃப்ட். ஆட்டமும் அந்த நேரத்தில்தான். அக்கா ரிவிக்கு முன்னால் இருந்து எழுதி வைப்பார். அடுத்த நாள் காலை அண்ணை கோயில் கலண்டரின் பின்மட்டையால் தாளை மூடிக்கொண்டு, இன்னிங்ஸ் இன்னிங்ஸாக ஆட்டத்தைப் ‘பார்ப்பார்’. யார் வென்றது என்று அக்கா வாய் திறக்கக் கூடாது. முகம் காட்டிக்கொடுக்கும் என்பதால் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகாவது மனிதர் சோபாவில் இருந்து ஆட்டத்தைப் பார்த்தாரா? இல்லை. ஆட்டம் தொடங்கியதும் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஷொப்பிங் மோலுக்குப் போய், முடிந்த பிறகு திரும்பி வந்தார். “அவ எழுதினதை வாசிச்சாத்தான் தம்பி அது எனக்கு மட்ச்.”

மன்னாரில் தேவாலயப் பங்குக் கழகத்துக்குக் கிரிக்கெட் ஸ்கோர் எழுதியவர் அவர். தெரிந்ததைத்தான் மனைவிக்கும் சொல்லிக் கொடுத்தார். அதனால் முதல் வருடத் தாள்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். மட்டையில் படாத பந்துக்கெல்லாம் புள்ளி. நாலு கெட்ட பந்து வந்து ஒருவன் சும்மா நடந்து முதலாம் பேஸுக்குப் போனால் ‘வைட்’. ஓரிடத்தில் ‘மெய்டின் ஓவர்’ என்றுகூட எழுதியிருக்கிறது. மூன்று முறை வீசியும் படாமல் அவுட்டாகிறவனுக்கு இந்த நாட்டில் ‘கே’ என்று எழுதுவார்கள். அக்கா சிலுவை போட்டார். “செத்தவனுக்கு வேற என்ன போடுறது?” என்று கேட்டாராம்.

திரும்பி நின்றாலும் அக்காவின் கை சும்மா இருக்காது. எங்கள் அணி தோற்ற நாளில் அண்ணையின் தேத்தண்ணியில் சீனி ஒரு கரண்டி கூடும். முதல் மிடறிலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிடும். ஆனாலும் தெரியாதவர் போல ஒன்பதாம் இன்னிங்ஸ் வரை மட்டையை நகர்த்துவார். பிறகு அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, வந்தது. சீனி நின்றது, அதோடு அந்த விளையாட்டும் நின்றது.

இரண்டு வருடத்துக்கு முன் அக்காவுக்கு மறதி நோய் என்று டொக்டர் பெயர் சொன்னார். மகள் ஷரோன்தான் மொழிபெயர்த்தாள். “பப்பா, மம்மிக்கு இது எப்ப ஸ்டார்ட் ஆனது எண்டு டொக்டர் கேக்கிறா. நீங்கள்தானே எப்பவும் கூட இருக்கிறீங்கள்?” வீட்டுக்கு வந்ததும் அண்ணை பேஸ்மன்டிலிருந்து அரிசிப் பைகளை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்தார். அன்றிலிருந்து ஆட்டங்களைப் பின்னோக்கி வாசிக்கிறார். தேடுவது வெற்றியையோ தோல்வியையோ அல்ல, அக்காவின் முதல் பிழையை.

தாள் ஒன்றை எடுத்து, பார்க்க வந்திருந்த என் முன்னால் வைத்தார். கோவிட்டுக்கு முந்திய கோடை. மூன்று பேர் அவுட்டானால் ஒரு பக்கத்தின் முறை முடிந்தது. இந்தத் தாளில், ஏழாம் இன்னிங்ஸில், வெளியூரிலிருந்து ஆட வந்த அணிக்கு நாலு பேர் அவுட். நாலாவது சிலுவைக்குப் பக்கத்தில் அண்ணையின் கையெழுத்தில் ‘ஹா ஹா’.

“ஃபக்டரி லஞ்ச் ரூமுக்குக் கொண்டுபோய்க் காட்டினனான். என்ர மனிசி வந்தவங்களில ஒருத்தனைக் கூடுதலாச் சாக்காட்டிப்போட்டா எண்டு சொல்லி எல்லாரும் சிரிச்சம். அவவும் சிரிச்சவ.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அண்டைக்கே எனக்கு விளங்கியிருக்கோணும், தம்பி.”

இன்னொரு தாளை நீட்டினார். அது ஆகப் பழையது. அதில் ஐந்தாம் ஆளுக்குப் பிறகு ஏழாம் ஆள் ஆடுகிறான், ஆறாம் ஆளைக் காணோம். “இதிலயும் பாருங்கோ.”

“அண்ணை, உது இளம் வயசிலை. பிள்ளை அழுதிருக்கும், எழும்பிப் போயிருப்பா.”

திகதியைப் பார்த்து யோசித்தார். “ஓம், ஷரோனுக்கு அப்ப கொப்பளிப்பான் அம்மை,” என்றார். ஆனால் தாளைப் பைக்குள் திரும்ப வைக்காமல் தனியே எடுத்து வைத்தார். மனுசிக்கு நல்ல காலத்தில் வந்த சாதாரணப் பிழையைக்கூட இப்போது அவர் நம்பத் தயாரில்லை. எனக்குக் கோபமே வந்தது. இதைக் கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

“எங்க பிழை விடத் தொடங்கினதெண்டு தெரிஞ்சா, அதுக்கு முதல் இருந்தவ முழுக்க என்ர கிளடிஸ் எண்டு வைச்சிருக்கலாமே.”

முன்னறையில் ரிவி ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமைப் பகல் ஆட்டம். அக்கா மடியில் பலகையும் தாளுமாக இருந்தார். இப்போது அவரைத் தனியே விட்டுவிட்டு மோலுக்குப் போக முடியாது. அதனால் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, ரிவிக்கு முதுகைக் காட்டியபடி அண்ணை குசினியில் இருக்கிறார். சில நாட்களாக அக்கா அவரை ‘ஐயா’ என்று கூப்பிடுகிறார், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் ஆளைக் கூப்பிடுவது போல. அதைச் சொல்லும்போது அண்ணை என்னைப் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். அக்கா எழும்பி மெல்ல நடந்து வந்தார். “ஐயா, இது உங்கட,” என்று தாளைக் கொடுத்துவிட்டு எதிர்க் கதிரையில் இருந்தார். எட்டிப் பார்த்தேன். ஒரு பெயர் இல்லை, ஓர் ஓட்டம் இல்லை. எல்லாக் கட்டத்திலும் சிலுவை. பார்க்கச் சகிக்காமல் நான் தேத்தண்ணிக் கோப்பையைக் குனிந்து பார்த்தேன்.

அண்ணை தாளை மேசையில் விரித்து, கையால் நீவி, கலண்டர் மட்டையால் மூடினார். முதல் இன்னிங்ஸ் மட்டும் தெரிந்தது.

“ஆர் வெண்டது எண்டு சொல்லிப்போடாதையும், கிளடிஸ்.”

அக்கா அவரைப் பார்த்தார், மட்டையைப் பார்த்தார். பிறகு எனக்காக எடுத்து வைத்திருந்த சீனிப் போத்தலை இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல அண்ணையின் பக்கம் தள்ளிவிட்டார்.

அண்ணை மூடியைத் திறந்து ஒரு கரண்டி நிறைய அள்ளித் தன் தேத்தண்ணியில் போட்டுக் கலக்கினார். ஒரு மிடறு குடித்தார். மட்டையை ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்த்தினார்.