சின்ன காருக்குப் பெரிய சக்கரம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், புதுச்சேரி முதலியார்பேட்டையைத் தாண்டிக் கடலூர் சாலையில் நடந்தது இது.

நான் லாஸ்பேட்டையில் குடியிருக்கும் அரசு ஊழியன். என்னுடையது இருக்கிற கார்களிலேயே சின்ன ரகம், அதுவும் செகண்ட் ஹேண்ட். ஆபீஸில் அதை 'சோப்பு டப்பா' என்பார்கள். கூடச் சேர்ந்து சிரித்தாலும் உள்ளுக்குள் உறுத்தும். ஒருநாள் பளபளவென்று பெரிய அலாய் வீலும் அகலமான டயரும் வாங்கிப் போட்டேன். "ஆளு நெறைய ஏறுனா டயர் பாடியில உரசும் சார், இந்த வண்டிக்கு இது வேணாம்" என்று டயர் கடைக்காரர் சொல்லத்தான் செய்தார். நான் கேட்கவில்லை. தனியாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. மனைவியும் மகளும் ஏறினால் மட்டும் பின்பக்கம் 'சர்... சர்...' என்று ஒரு சத்தம் வரும். பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வேன்.

அன்று மகளுக்கு நுழைவுத் தேர்வு. அவளுடைய தோழிகள் மூன்று பேரையும் நானே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி ஏற்றிக்கொண்டேன். ஒன்றரை மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு மணி வாக்கில், ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் பின் டயர் 'டமார்' என்று வெடித்தது. வண்டி ஒரு பக்கமாக இழுக்க, பின்னால் வந்த பஸ் ஹாரனை அலறவிட்டபடி மயிரிழையில் விலகிப் போனது. எப்படியோ ஓரமாக நிறுத்தினேன்.

உரசி உரசி டயரின் பக்கவாட்டில் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. ஸ்டெப்னியை மாற்றலாமென்றால், வீல் திருடுபோகாமல் இருக்கப் போட்ட பூட்டு நட்டைக் கழற்றத் தனிச் சாவி வேண்டும். அது வீட்டு பீரோவில். மனைவிக்குப் போன் செய்தேன்; அவள் சாவியை எடுத்துக்கொண்டு வந்து சேர அரை மணிக்கு மேல் ஆகும். வந்த ஆட்டோக்களில் எல்லாம் ஆள் இருந்தது. தோழிகளில் ஒருத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். என் மகள் என்னைப் பார்க்கவே இல்லை.

அப்போது காலி மீன் கூடைகளோடு 'குட்டி யானை' என்கிற சின்ன சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது. ஓட்டியவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி. "என்னா சார், பசங்க அழுவுதுங்க?" என்றார் அந்த அம்மா. விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் இறங்கிவிட்டார். கூடைகளையும் ரோட்டோரம் இறக்கி வைத்து, ஈரமாக இருந்த தளத்தில் தார்ப்பாயை விரித்தார்.

"ரெண்டு பேரு முன்னால குந்துங்க, ரெண்டு பேரு பின்னால ஏறுங்க. கம்பிய நல்லா புடிச்சுக்கோங்க பாப்பா." கணவரிடம், "நீ இதுங்கள வுட்டுட்டு வா, நான் இங்கியே நிக்கிறேன்" என்றார்.

வண்டி போன பிறகு என் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா இத்தினியூண்டு வண்டிக்கு எதுக்கு சார் இம்மாம் பெரிய சக்கரம்?"

கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நாலு பேர் மெச்ச வேண்டும் என்றுதான் மாட்டியிருந்தேன். குனிந்து, வெடித்த டயரைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

சற்று நேரத்தில் அவர் போன் அடித்தது. பேசிவிட்டு, "கேட்ட மூடறதுக்குள்ள பசங்க உள்ள பூட்டாங்களாம் சார்" என்று சிரித்தார். கணவர் திரும்பி வந்ததும் கூடைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நன்றி என்று சொன்னது அவர்கள் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியாது.

சாயங்காலம் வீடு திரும்பிய மகள், "மீன் வாடை தாங்காம பக்கத்து சீட்டுப் பொண்ணு மூக்கப் பொத்திக்கினே எழுதுச்சுப்பா" என்று சொல்லிச் சிரித்தபோதுதான், என்னை மன்னித்துவிட்டாள் என்று புரிந்தது. அந்த வாரமே பழைய சக்கரங்களை மாட்டிவிட்டேன்.

முன்பின் தெரியாத பிள்ளைகளுக்காகத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு உச்சி வெயிலில் நின்ற அந்த அம்மாவை நினைக்கும்போதெல்லாம், ஊர் என்னை எப்படிப் பார்க்கும் என்ற கவலையிலேயே பெற்ற மகளை ஆபத்தில் உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேனே என்று இன்றும் மனசு சுடுகிறது.