எனக்காக விலை பேசியவர்

செல்லையா அண்ணாச்சி போய்விட்ட செய்தியை உர மூட்டை இறக்க வந்த லாரி டிரைவர்தான் சொன்னார். "மொதலாளி, பாளையம்பட்டி இரும்புக்கடை அண்ணாச்சி காலையில தவறிட்டாகளாம்." திருச்சுழியில் இருக்கும் என் கடையிலிருந்து எழுந்து கிளம்ப எனக்கு வெகுநேரம் ஆனது. துக்கம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய்.

அண்ணாச்சியோடு பழகிய உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பீரோவோ மோட்டாரோ கல்யாணப் பட்டோ, நம் பக்கத்தில் எதை வாங்கப் போனாலும் விலை பேச அவரைக் கூட்டிக்கொண்டு போவோம். கமிஷன் என்று ஒரு பைசா தொடமாட்டார். வேண்டாம், வரவில்லை என்று சொல்லவும் அவருக்குத் தெரியாது. அதை நாம் எல்லோருமே நன்றாகப் பயன்படுத்திக்கொண்டோம்.

என் தங்கை கல்யாணத்துக்கு விருதுநகரில் பாத்திரம் எடுக்கப் போனபோது, கடைக்காரர் அழாத குறையாக விலையைக் குறைத்தார். எல்லாம் கட்டி முடித்த பிறகு அண்ணாச்சி ஒரு பெரிய கரண்டியை எடுத்து, கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்தார். அவர் வீட்டில் கரண்டிக்குப் பஞ்சமில்லை. ஏன் என்று கேட்டேன். "வெல எம்புட்டு வேணாலும் கொறயட்டும் தம்பி, வித்தவுக மொகம் வாடக் கூடாது" என்றார்.

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கார் ஆசை வந்தது. வாடகைக்கும் விடலாம், ஊரில் நாலு பேர் பார்க்கவும் ஓட்டலாம். அருப்புக்கோட்டையில் பழைய கார்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் மாரியப்பனிடம் வெள்ளை அம்பாசடர் ஒன்று நின்றது. கூப்பிட்டதும் அண்ணாச்சி முதல்முறையாகத் தயங்கினார். "அங்க வேணாம் தம்பி. அவுக மகனுக்கு எம் மக சாந்தியப் பேசிக்கிட்டு இருக்கோம். வெள்ளிக்கெழமை பூ வைக்க வாராக."

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு அண்ணாச்சி. உங்களுக்காகக் கொறச்சுத் தருவாக" என்றேன். இப்படிப் பேசிய வாய்க்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும்.

மாரியப்பன் நாற்பத்தெட்டாயிரம் சொன்னார். காப்பி வந்தது, உபசாரம் பலமாக இருந்தது, அண்ணாச்சி முகத்துக்காக நாற்பத்து நாலுக்கு இறங்கியும் வந்தார். நம் ஊர் முறை உங்களுக்குத் தெரியும். பேச வந்தவர் பேசலாமே தவிர, பணம் வைத்திருப்பவன் தலையாட்டாமல் முடிக்க முடியாது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "முடிச்சிருவமா தம்பி?" என்று கேட்டார். என் பையில் நாற்பத்தாறு இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் பாருங்கண்ணாச்சி" என்றேன்.

அவர் இன்னொரு தடவையும் கேட்டார். நான் நிமிரவில்லை.

இரும்புக்கடைக்காரரான அண்ணாச்சியின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு காந்தத் துண்டு கிடக்கும். அதுவரை அதை அவர் தொடவே இல்லை. இப்போது எழுந்து போய்க் காரின் இடதுபக்கக் கதவில் வைத்தார். காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்தது. அடிபட்டு நசுங்கிய தகரத்தில் பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். "இந்த எடத்துல காந்தம் நிக்க மாட்டேங்குதே" என்று மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மாரியப்பனின் அண்ணன்மார் இருவரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். பட்டறைப் பையன்கள் சிரித்துவிட்டார்கள்.

"சம்பந்தியாகப் போறவுகன்னு பாத்தேன். என் கூடப் பெறந்தவுக முன்னால என்னையத் திருடனாக்கிட்டீகளே" என்றார் மாரியப்பன். "நாப்பத்தொண்ணக் குடுத்துட்டு வண்டிய எடுத்துட்டுப் போங்க."

திரும்பும்போது முன்சீட்டில் உட்கார்ந்து வந்த அண்ணாச்சி, இஞ்சின் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமை யாரும் பூ வைக்க வரவில்லை. ஏற்கெனவே பொருந்தியிருந்த ஜாதகம் இப்போது பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு வருஷம் கழித்து சாந்தியைப் புனாவில் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு என் காரை அனுப்பினேன். அண்ணாச்சி வாடகையை டிரைவர் கையில் திணித்து அனுப்பிவிட்டார்.

அதன்பிறகு நான் அண்ணாச்சி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் மனைவி, எங்கள் மதினி, அவரை ஏசிக்கொண்டே இருப்பார்கள். "நாலு தெரு தள்ளி வாழ வேண்டிய பிள்ளய, பாஷ தெரியாத ஊருக்கு அனுப்பிட்டாக. ஒரு கதவுக்காக!" அண்ணாச்சி பதில் பேசமாட்டார், என்னைப் பார்க்கவும் மாட்டார். நான் அவர்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டிருப்பேன். மதினி போன வருஷம் ஏசி முடித்துவிட்டுக் கண்ணை மூடினார்கள்.

அண்ணாச்சியை எரித்த மறுநாள்தான் சாந்தியால் வந்து சேர முடிந்தது. துக்கம் கேட்டு முடித்ததும், "சித்தப்பா, அன்னைக்கு அப்பா ஏன் அப்பிடிச் செஞ்சாக? அம்மா எத்தனையோ தடவ கேட்டுப் பாத்தா. 'என் வாய்க்கொழுப்பு'ன்னு சொன்னதத் தவிர வேற ஒண்ணும் சொல்லல" என்றாள். நான் சொன்னேன். அவர் இரண்டு முறை என்னைக் கேட்டதையும், நான் குனிந்திருந்ததையும் சொன்னேன்.

சாந்தி கோபப்படவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா இருக்கும்போது இத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல சித்தப்பா" என்றாள்.

அண்ணாச்சியின் நினைவாக உங்கள் ஒவ்வொருவரிடமும் அவர் பேசிக் கொடுத்த பொருள் ஏதாவது இருக்கும். எனக்கு வாங்கிய காரை எப்போதோ விற்றுவிட்டேன். என்னிடம் மிச்சம் இருப்பது, எனக்காக அவர் இத்தனை வருஷம் வாங்கிக்கொண்ட ஏச்சு. அது என்னுடையதுதான். இனிமேலாவது நான் வைத்துக்கொள்கிறேன்.