தூனோப் புகையும் ஒரே திரையும்

எங்கள் கட்டடத்து நிர்வாகி பிரியம்வதாவுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்பாள். கொல்கத்தா பவானிபூரில் நாங்கள் குடியிருக்கும் ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் முதல் தண்ணீர்த் தொட்டி வரை எல்லாவற்றுக்கும் அவள்தான் பொறுப்பு. கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நான் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே கேள்வி வந்து நிற்கும்.

"சண்முகம் அண்ணா, உங்க ஷட்டர் ஏன் இடது பக்கம் மட்டும் துருப்பிடிக்குது?"

எனக்கென்ன தெரியும்? நான் இட்லி அரிசியும் பெருங்காயமும் விற்கிறவன். காவலாளிகள் அவளுக்கு 'கேனோ தீதி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கேனோ என்றால் வங்காள மொழியில் ஏன், தீதி என்றால் அக்கா. அவள் அதற்கும் கோபப்படவில்லை, யார் முதலில் வைத்தது என்று விசாரித்தாள்.

அவள் வளர்ந்தது சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில். ஜன்னலைத் திறந்தால் யார்டு. தண்டவாளம் சரியான பக்கம் திரும்பாதவரை சிக்னல் வழி விடாது என்பதைப் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே கவனித்துவிட்டாளாம். தண்டவாளம் திரும்பியது சிக்னலுக்கு எப்படித் தெரியும் என்று அப்பாவை நச்சரித்தாள். அப்பா சின்னசாமி ரயில்வேயில் சம்பளப் பிரிவு எழுத்தர். அவருக்கும் தெரியாது, திட்டித்தான் அனுப்பினார். பிறகு கல்லூரி, ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் வரவேற்பு மேஜை, அங்கிருந்து எங்கள் கட்டடம்.

வந்த புதிதில் அவள் கேட்டதெல்லாம் எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. கேமராத் திரை வாசல் காவலாளியிடம். தீ எச்சரிக்கைப் பெட்டி அடித்தளத்தில், மோட்டார் அறைக்குப் பக்கத்தில். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டுக்குப் போகும் வழியில் அட்டை காட்டினால் திறக்கும் கதவு உண்டு, அதன் கம்ப்யூட்டர் குடியிருப்போர் சங்கச் செக்ரட்டரி பட்டாபியின் அறையில். லிஃப்டுக்குள் மணி அடித்தால் மொட்டை மாடியில் ஒலிக்கும், அங்கே காக்காய்தான் கேட்கும். நான்கும் நான்கு கம்பெனி. ஒன்றுக்கு நடப்பது இன்னொன்றுக்குத் தெரியாது.

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு பேச்சுவார்த்தை இல்லாத மருமகள்கள் மாதிரி இருக்கே அண்ணா" என்றாள்.

"எல்லாம் நல்லாத்தானே ஓடுது? வேலியில போறதை எதுக்கு எடுத்து வேட்டிக்குள்ள விடுறே?" என்றேன். போன வருஷம் துர்கா பூஜை வரை நானும் அந்த நம்பிக்கையில்தான் இருந்தேன்.

எங்கள் கட்டடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பூஜை நாட்களில் மாலை ஆரத்திக்குத் தேங்காய் நாரும் தூனோவும் போட்டு மண்சட்டியில் புகை கிளப்புவார்கள். தூனோ என்பது நம் சாம்பிராணியின் உறவுக்காரன். அந்தச் சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு ஆடுவார்கள். கீழே ஹாலில் அந்தப் புகை பட்டதும் தீ மணி அலறும், ஆட்டம் நின்றுபோகும். அதனால் சஷ்டியன்றே தீ எச்சரிக்கைப் பெட்டியை அணைத்துவிட்டு, தசமிக்குப் பிறகு போடுவார்கள். வருஷா வருஷம் இதுதான். யாருக்கும் இது தவறாகப் படவில்லை.

போன வருஷ அஷ்டமி மாலையில் ஐந்தாவது மாடி மீட்டர் பெட்டியில் ஒயர் கருகத் தொடங்கியது. அந்த மாடியில் தமயந்தி தனியாக இருக்கிறாள். விபத்தில் கால்கள் போனதிலிருந்து சக்கர நாற்காலிதான். ஜாதவ்பூரிலிருந்தெல்லாம் பிள்ளைகள் அவளிடம் கணக்குப் படிக்க வருவார்கள். கொல்கத்தாவிலேயே பிறந்தவள், தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். அன்று எல்லோரும் கீழே ஹாலில் இருந்தோம். அவள் புகையைப் பார்த்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடைவழிக்கு வந்திருக்கிறாள். கருகிய ஒயர் அட்டைக் கதவின் பெட்டியையும் சாகடித்துவிட்டது. அட்டையைக் காட்டிக் காட்டிப் பார்த்தாள், கதவு திறக்கவில்லை. எங்களுக்கு மாற்றி மாற்றிப் போன் அடித்தாள். டாக் மேளச் சத்தத்தில் எவன் காதில் விழும்?

வாசலில் காவலாளி நிமாய் கேமராத் திரையைப் பார்த்தான். ஐந்தாவது மாடி மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியில் தூசி படிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் மகராசன். துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டு சாவகாசமாக மேலே போனான். அப்படிப் போனதால்தான் தமயந்தி இன்று உயிரோடு இருக்கிறாள். கதவை வெளியிலிருந்தும் திறக்க முடியவில்லை. கீழே ஓடி வந்தான். கம்ப்யூட்டர் இருந்த அறையின் சாவி பட்டாபியிடம், பட்டாபி தூனோச் சட்டியோடு நடு ஹாலில் ஆடிக்கொண்டிருந்தார். கடைசியில் கதவை உடைத்துத்தான் அவளை வெளியே எடுத்தோம். மூச்சு திணறி, முகமெல்லாம் கரியாக இருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தமயந்தி பழைய தமயந்தி இல்லை. பாடம் நடக்கும்போதுகூட வாசல் கதவைத் திறந்தே வைத்தாள். திருச்சியில் இருக்கும் தம்பி மகேஷ், "இங்க வந்துடுக்கா" என்று தினமும் போனில் கெஞ்சினான். அடுத்த பூஜை வரை பார்க்கிறேன், அப்போதும் பயமாக இருந்தால் வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். பிறந்த ஊரை விட்டுப்போக அவளுக்குத் துளியும் மனமில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பிரியம்வதா நான்கு கம்பெனிக்காரர்களையும் கூப்பிட்டு விசாரித்தாள். எங்கள் பாகம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது என்றார்கள் நான்கு பேரும். வேடிக்கை என்னவென்றால் அது உண்மை. தீ மணியை அணைத்தது நாங்கள், கதவைச் சாகடித்தது கருகிய ஒயர்.

"கேமரா புகையைப் பாத்துச்சு. கதவுப் பெட்டி செத்தது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சுது. ஆளாளுக்குக் கொஞ்சம் கொஞ்சம் தெரிஞ்சுருக்கு அண்ணா, சேத்துப் பாக்கத்தான் ஒரு இடம் இல்ல" என்றாள்.

எல்லாவற்றையும் இணைத்து ஒரே திரையில் கொண்டுவர வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் கேட்டாள். எங்கே புகை வந்தாலும் அந்த மாடியின் படம் தானாகத் திரைக்கு வரும், அட்டைக் கதவுகள் தானாகத் திறக்கும், லிஃப்ட் தானாகக் கீழே வந்து நிற்கும். பட்டாபி குதித்தார்.

"ஏம்மா, தூனோப் புகைக்கெல்லாம் ஏழு மாடிக் கதவும் திறந்துக்கிட்டா? பூஜைக் கூட்டத்துல எவனாவது உள்ள பூந்துட்டா நீ பொறுப்பா?"

நியாயமான கேள்விதான். அவள் வாயடைத்துப் போவாள் என்று பார்த்தால், முகம் மலர்ந்துவிட்டது. நல்ல கேள்வி கிடைத்தால் அவளுக்குப் பாயசம் கிடைத்தமாதிரி. ஒரு வாரம் கழித்து விடையோடு வந்தாள். ஆரத்தி நேரத்தில் ஹாலில் மட்டும் புகை வந்தால் முதலில் படம் வரும். பார்க்கிறவர் அது தூனோதான் என்று பொத்தானை அழுத்தினால் மணி அடிக்காது. சற்று நேரத்துக்குள் யாரும் அழுத்தாவிட்டால் கட்டடமே அலறும். மற்ற மாடிகளில் எந்தச் சலுகையும் கிடையாது. தீ எச்சரிக்கைப் பெட்டியை இனி யாரும் அணைக்க வேண்டியதே இல்லை.

கூட்டம் சம்மதித்து, வேலை முடிந்ததும், ஆவணி மாதத்திலேயே ஹாலில் தூனோச் சட்டியை ஏற்றிச் சோதித்தாள். இந்த வருஷம் அம்மன் சீக்கிரம் வந்துவிட்டாளா என்று தெருவே சிரித்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதற்கிடையில் ஒருநாள் பின்கதவு மூடாமல் நிற்கிறது என்று திரை கத்தியது. கூடவே வந்த படத்தைப் பார்த்தால், என் கடை அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, என் கடை ஆளே பீடி பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவனைத் திட்டுவதா, அவளைத் திட்டுவதா என்று தெரியாமல் இரண்டு பேரையும் திட்டினேன்.

இந்த வருஷ அஷ்டமி மாலை. ஆரத்திக்கு வரச்சொல்லித் தமயந்தியைக் கூப்பிட்டோம், வரவில்லை என்றாள். பிரியம்வதாவும் ஹாலுக்குப் போகாமல் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அப்படி என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று நானும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். மேளம் தொடங்கியது. ஹாலில் புகை என்று திரை காட்டியது. படத்தில் பட்டாபி வேட்டியை மடித்துக்கட்டி ஆடிக்கொண்டிருந்தார். அவள் பொத்தானை அழுத்தினாள். மணி அடிக்கவில்லை. எனக்கே கைதட்டத் தோன்றியது.

அடுத்த நிமிடம் கட்டடமே அலறியது. திரையில் ஐந்தாவது மாடி. மேளம் நின்றது. கூட்டம் தெருவுக்கு ஓடியது. லிஃப்ட் இறங்கி வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றது. படத்தில் ஐந்தாவது மாடி நடைவழி பளிச்சென்று தெரிந்தது. நடுவில் சக்கர நாற்காலியில் தமயந்தி. சாம்பிராணிக் கரண்டியைத் தலைக்கு மேலே, புகை பார்க்கும் கருவிக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"அடிப்பாவி!" என்று கத்திவிட்டேன். தீ இல்லை என்பது பட்டப்பகல் போலத் தெரிந்தது. மணியை நிறுத்திவிட்டு மைக்கில் இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பிரியம்வதா அதையும் திரையையும் நிமாயிடம் விட்டுவிட்டுப் படியேறி ஓடினாள். நானும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஐந்தாவது மாடிக் கதவு விரியத் திறந்து கிடந்தது.

தமயந்தி கரண்டியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். கண்ணெல்லாம் ஈரம். புகையால்தான் என்று முதலில் நினைத்தேன்.

"தீ இல்லன்னுதான் கேமராவுல தெரிஞ்சிருக்குமே. எதுக்கு இப்படி ஓடி வந்தே?" என்றாள்.

"தீ இல்லன்னு தெரிஞ்சுது. நீங்க ஏன் புகையைக் காட்டுறீங்கன்னு தெரியலையே அக்கா."

தமயந்தி கரண்டியைப் பிரியம்வதாவிடம் நீட்டினாள்.

"மேளம் ஆரம்பிச்சதும் உள்ள இருக்க முடியல. போன வருஷமும் இதே சத்தம்தான். நான் கத்துறது எனக்கே கேக்கல. அதான்... கீழ யாருக்காவது நான் இங்க இருக்கிறது தெரியுதான்னு பாக்கணும்போல இருந்துச்சு."

திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிரியம்வதா நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"தெரியுது அக்கா" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மகேஷ் போன் செய்தான். தமயந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். கீழே மேளம் மறுபடியும் தொடங்கிவிட்டது, அவன் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை, அவள் பேசுவது அவனுக்கும் கேட்டிருக்காது. இருந்தாலும் சத்தம் போட்டுச் சொன்னாள்.

"மகேஷ், நான் வரலடா. நான் இங்கேயே இருக்கேன்."