இரண்டடி உயர்த்திய கலங்கல்

எங்கள் ஏரியின் கலங்கலை இரண்டடி உயர்த்திக் கட்டிய கொத்தன் நான்தான். யாரையும் திட்டுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன்.

கலங்கல் என்பது கரையின் கோடியில் இருக்கும் தாழ்வான கல்சுவர். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அதன்மேல் வழிந்து ஓடைக்குப் போய்விடும், கரை பிழைக்கும். எங்கள் காலனி அந்தக் கரைக்கு நேர் கீழே இருக்கிறது. நிலமில்லாத எங்களுக்கு அரசாங்கம் பட்டா கொடுத்த இடம். வேறு யாரும் கேட்காத இடம்.

மூன்று வருஷமாக மழை இல்லை. காலனிப் பையன்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். நான் திருப்பதியில் லாட்ஜ் கட்டும் வேலையில் இருந்தேன். நான் ஊருக்கு வந்திருந்தபோதுதான் எம்.எல்.ஏ. கரைமேல் கூட்டம் போட்டார். பருவநிலை மாறுவதால் நீரைச் சேமிக்கும் திட்டம் என்று பேனர் கட்டியிருந்தது. பாசனத் துறையின் இளம் இன்ஜினியர் ஒருவர் எழுந்தார்.

"கலங்கல் ஏத்தக் கூடாது சார், அகலப்படுத்தணும். இனிமே மழ நாளு கொறையும். பெய்யற நாள்ல ஒரேயடியா கொட்டும்."

"கொட்டட்டுமேய்யா! கொட்றத புடிக்கத்தான செவுரு ஏத்துறோம்?" என்றார் எம்.எல்.ஏ. "இன்னா சார், வானம் உன் புஸ்தகத்த படிச்சிட்டா பேயுது?"

கூட்டம் சிரித்தது. என் பின்னால் நின்றவர், "காஞ்சி கெடக்கிற ஏரிக்கு வெள்ளத்த காட்டி பயமுறுத்துறான்யா" என்றார். அதற்கும் சிரித்தோம். நானும்தான். இன்ஜினியர் உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதம் அவருக்கு மாற்றல்.

சுவர் கட்ட என்னைக் கூப்பிட்டார்கள். காண்டிராக்டர் கலவையில் மணலைக் கூட்டச் சொன்னான். நம் ஊர் ஏரியாயிற்றே என்று நான் சிமெண்டை அள்ளிப் போட்டேன். கம்பியும் வைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு உறுதியாக எதையும் கட்டியதில்லை.

அடுத்த கார்த்திகையில் மழை பிடித்தது. ஒரு பகல், ஒரு இரவு, விடவே இல்லை. மறுநாள் காலை என் மனைவி கரையடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"இன்னாய்யா குந்திக்கினு கீற? கரை அடியில கசியுது. மண்ணு கரைஞ்சி செவப்பா வருது!"

தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. சிவப்பாக வந்தால் கரையை உள்ளே அரிக்கிறது.

கரைமேல் ஏறினேன். தண்ணீர் கரையின் தலைக்கு ஒரு முழம் கீழே நின்றது. என் சுவரின்மேல் அப்போதுதான் மெல்லிசாக வழிந்தது. கீழே என் வீட்டு வாசலில் இரண்டு மகள்களும் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கரை போனால் கட்டில் என்ன செய்யும்? "மேட்டுக்கு ஓடுங்கடி!" என்று கத்தினேன். மழையில் கேட்கவில்லை. மனைவிதான் போய் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

காலனியில் இருந்த ஆண்கள் நான்கு பேர். அதில் இருவர் கிழவர்கள். தண்ணீரை இறக்கிவிடக் கடப்பாரையால் என் சுவரைக் குத்தினோம். சில்லுகூடப் பெயரவில்லை.

"எவன்டா கட்டினான் இத?" என்றார் ஒரு கிழவர்.

"நான்தான்."

"நாசமா போறவனே! எல்லாரையும் மாதிரி கொஞ்சம் திருடித் தொலைக்கக் கூடாதா?"

பிறகுதான் புத்தி வந்தது. பழைய கல்லுக்கும் புதுச் சுவருக்கும் இணைப்பு எங்கே என்று எனக்குத் தெரியும். அங்கே நெம்பினோம். ஒரு துண்டு சாய்ந்தது, மிச்சத்தைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு போனது. மதியத்துக்குள் ஏரி இறங்க ஆரம்பித்தது. கரை நின்றது. வீடுகளும் நின்றன.

மழை விட்டதும் எம்.எல்.ஏ. வந்தார்.

"அரசாங்க சொத்த ஒடைச்சவன் எவன்டா?"

"ஒடைக்கலன்னா கரை போயிருக்கும் சார்" என்றேன்.

"போச்சா?"

"இல்ல சார்."

"போகல இல்ல? அப்புறம் எதுக்கு ஒடைச்ச?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மூன்று நாள் முன்னால் உயிருக்கு ஓடியவர்களும் அதில் இருந்தார்கள். நாட்டின் தண்ணீரைப் பற்றி முடிவெடுப்பது இந்தப் புத்திதான் என்று அன்றுதான் தெரிந்தது. கரை உடைவதைவிட அது எனக்குப் பெரிய பயம் என்று சொன்னால் பொய். ஆனால் இரண்டும் ஒரே பயம்.

மறுபடி கட்ட என்னைக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றேன். வெளியூர்க் கொத்தனை வைத்து, பழைய கல்லையும் பெயர்த்துவிட்டு, அடியிலிருந்து அதே உயரத்துக்கு ஒரே கான்கிரீட் வார்ப்பாகப் போட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்தேன். இந்த முறை எங்கே நெம்புவது என்று தெரியவில்லை.