நான் அழித்த நான்கு விரல்கள்

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில் என் வீட்டுக் கீழ்த்தளம்தான் ஸ்டூடியோ. பள்ளி நடன விருந்துக்கு முன் இளஞ்சோடிகள் அங்கே படம் எடுத்துக்கொள்வார்கள்.

அன்று வந்தவள் எங்கள் தமிழ்ப் பிள்ளை. கூட வந்தவன் அவளுடைய காதலன். அவள் சிரிக்கவே இல்லை. நான் விளக்கைத் திருப்பிய நேரம் அவன் அவளுடைய மேற்கையைப் பிடித்து முறுக்கினான். பார்த்தேன். எனக்கேன் வம்பு என்று, "தங்கச்சி, கொஞ்சம் சிரியுங்கோ" என்றேன்.

கணினியில் பார்த்தால், அதே மேற்கையில் ஏற்கெனவே யாரோ பிடித்த நான்கு விரல் தடங்கள் நீலமாய்க் கன்றியிருந்தன. முகப்பருவை அழிப்பதுபோல அவற்றையும் அழித்தேன். படத்தைக் கொடுத்ததும் திருத்தாத மூலப்படத்தை நீக்கிவிடுவது என் வழக்கம்.

இரண்டு வாரத்தில் அவன் அவளுடைய தாடையை அடித்து உடைத்தான். அதற்குமுன் அவளை ஒருநாளும் அடித்ததில்லை என்று பொலிசுக்கு என் படத்தையே காட்டினானாம். படத்தில் மாசு மருவில்லாத கை.

அவளுடைய அம்மா மூலப்படம் கேட்டு வந்தார். இல்லை என்றேன்.

"அந்த அடையாளத்தை அழிக்கேக்கை உங்கடை கை நடுங்கேல்லையோ, தம்பி?"

நடுங்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி, ஒரு மயிர்த்துளைகூடப் பிசகாமல் அழித்திருந்தேன். அன்று அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.